ஹெரால்டு வாங்கப் போறீங்களா, முதல்ல ஒரு டப்பா 90 ஆயில் வாங்குங்க

"பழைய ஹெரால்டு கார் ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா"ன்னு வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது கேக்குறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் ஃபோன்ல பேசி தொண்டை வத்திப் போகுது. அதனால 2014ல இருந்து இந்த வண்டிய வச்சிக்கிட்டு நான் பட்டது, கத்துக்கிட்டது, ஏமாந்தது எல்லாத்தையும் ஒரே தடவையா இங்க கொட்டிடறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்.

என்கிட்ட இருக்குறது 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் டூ, ரெண்டு கதவு, 948 சிசி. இப்ப இருக்குற பசங்களுக்கு ஸ்டாண்டர்ட்னு ஒரு கார் கம்பெனி நம்ம மெட்ராஸ்ல இருந்துச்சுன்னே தெரியாது, அதோட ஃபேக்டரி இருந்த வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டுல தினமும் போறவங்களுக்கே தெரியாது. 1948ல ஆரம்பிச்ச கம்பெனி. இங்கிலாந்து கவன்ட்ரில இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோட கூட்டு. முதல்ல வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்ட் டென்னு சில வண்டி, 1961ல ஹெரால்டு. எதைச் செய்யவும் கவர்மென்ட் லைசன்ஸ் வேணும்னு இருந்த லைசன்ஸ் ராஜ் காலத்துல நம்ம நாட்டுல சாதாரண ஜனங்க கார் வாங்கணும்னா இருந்தது மூணே மூணு பேரு தான், கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், மெட்ராஸ் ஸ்டாண்டர்ட். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வேடிக்கை என்னன்னா, இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட்ங்கற பேரையே 1963ல கைவிட்டுட்டாங்க, டீலக்ஸ்னு ஒண்ணு வந்தப்புறம் ஸ்டாண்டர்ட்னா சும்மா சாதா மாடல்னு அர்த்தம் ஆகிப்போச்சு, அதனால எல்லாத்துக்கும் ட்ரையம்ஃப்னு பேர் வச்சாங்க. நம்ம ஊர்ல தான் "ஆளு நல்ல ஸ்டாண்டர்டா இருக்காரு"ன்னு சொல்றது மரியாதையாச்சே, அதனால மெட்ராஸ் கம்பெனி அந்தப் பேரை 1988 வரைக்கும் விடல. அம்மா செத்து இருபத்தஞ்சு வருஷம் கழிச்சும் புள்ள குடும்பப் பேரை வச்சிக்கிட்டு இருந்த கதை.

எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சது வந்தவாசி பக்கத்துல எங்க ஊர்ல. வாரம் ஒரு நாள் வைத்தியம் பாக்க வர்ற டாக்டர்கிட்ட வெளிர் பச்சைல ஒரு ஹெரால்டு. அதோட பானெட் மத்த வண்டி மாதிரி மூடி மட்டும் தூக்காது, ரெண்டு மட்கார்டு, லைட்டு, கிரில்லு எல்லாத்தோடயும் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னாடி கவுந்துடும், முதலை வாயப் பொளந்த மாதிரி. டிரைவர் அப்படியே முன் டயர் மேல உக்காந்துக்கிட்டு என்ஜின்ல வேலை பாப்பாரு. ஊசி போட வந்த புள்ளைங்க எல்லாம் அழுகையை மறந்து அதைப் பாத்துட்டு நிப்போம். அவ்வளவு தான், வேற பெரிய காரணம் எதுவும் இல்ல.

2014ல செய்யாறு பக்கம் ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகைல ஒண்ணு நிக்குதுன்னு தெரிஞ்சு போனேன். எண்பத்தஞ்சாயிரம் சொன்னாங்க, பேரமே பேசாம வாங்குனேன். நான் பாத்தது என்னன்னா பெயிண்ட், எம்னு ஆரம்பிக்கிற பழைய நம்பர், ஆர்சி புக்கு, அப்புறம் ஃபேனைக் கையால சுத்துனா என்ஜின் சுத்துதா. சுத்துச்சு. ஆஹான்னு டோ பண்ணிட்டு வந்துட்டேன். பாத்திருக்க வேண்டியது ஒண்ணையும் பாக்கல.

என்ன பாக்கணும்னு சொல்றேன் கேளுங்க. ஹெரால்டுக்கு சேசிஸ் தனி பாடி தனி. அந்தக் காலத்துல மத்த கம்பெனிங்க எல்லாம் சேசிஸையும் பாடியையும் சேத்து ஒரே கூடா செய்ய ஆரம்பிச்சிட்டாங்க, ஸ்டாண்டர்டுக்கு பாடி அடிச்சுக் குடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோங்கற கம்பெனிய போட்டிக் கம்பெனி பிஎம்சி 1953ல வாங்கிடுச்சு, அதனால துண்டு துண்டா அங்கங்க அடிச்சு போல்ட் போட்டு சேக்குற மாதிரி டிசைன் பண்ணிட்டாங்க. டிசைன் பண்ணது மிக்கெலோட்டின்னு இத்தாலிக்காரர். இந்த போல்ட் போட்ட பாடி நமக்கு வரமும் சாபமும். வரம் என்னன்னா மொத்த பாடியையும் கழட்டி நாலு பேரு தூக்கி ஓரமா வச்சிட்டு வேலை பாக்கலாம். சாபம் என்னன்னா சேசிஸ்ல நடு முதுகெலும்புல இருந்து ரெண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற கம்பிங்க துருப் புடிச்சுதுன்னா பாடி மெதுவா தொங்க ஆரம்பிச்சிடும். அதைக் கண்டுபிடிக்க குனிஞ்சு கூட பாக்க வேணாம். கதவைச் சாத்திட்டு, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற இடுக்கைப் பாருங்க. மேல கட்டை விரல் போற மாதிரியும் கீழ காயிதம் கூட நுழையாத மாதிரியும் இருந்துச்சுன்னா சேசிஸ் வளைஞ்சிருக்கு, இல்ல துரு தின்னுருக்குன்னு அர்த்தம். என் வண்டியில மேல ரெண்டு விரல் போச்சு. நான் அப்ப "பழைய வண்டி இல்லையா, கதவு கொஞ்சம் இறங்கியிருக்கும்"னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். டிங்கர் வேலைக்கு மட்டும் வண்டி விலையை விட அதிகமா போச்சு, எவ்வளவுன்னு இன்னி வரைக்கும் வீட்ல சொல்லல.

அப்புறம் ஒரு ஆளை கிளட்சை அமுக்கி விட்டு அமுக்கி விடச் சொல்லிட்டு, என்ஜின் முன்னாடி பெல்ட் ஓடுற கிராங்க் புல்லியப் பாருங்க. முன்னும் பின்னும் நகர்றது கண்ணுக்கே தெரிஞ்சா உள்ள கிராங்க் அப்படி நகராம புடிச்சு வைக்குற த்ரஸ்ட் வாஷர் போயிடுச்சு. அது தேஞ்சு கீழ விழுந்துச்சுன்னா கிராங்க் போயி பிளாக்கையே தின்னுடும். இந்த என்ஜின் குடும்பத்துக்கே இருக்குற வியாதி இது. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஆகும் பாக்க, யாரும் பாக்குறதில்ல.

இப்ப 90 ஆயில் விஷயத்துக்கு வரேன்.

வண்டி ரெடியாகி ஓட ஆரம்பிச்சு ஏழெட்டு மாசம். தாம்பரம் பக்கத்துல ஒரு பெட்ரோல் பங்க்ல இருந்து ஃபுல் டேங்க் போட்டுட்டு ஸ்டியரிங்க முழுசா வளைச்சு வெளிய வரேன், நடந்து போற வேகம் கூட இல்ல, டமார்னு ஒரு சத்தம், வண்டி முன் பக்கம் இடது மூலை தரையில உக்காந்துடுச்சு. இறங்கிப் பாத்தா சக்கரம் மட்கார்டுக்குள்ள மடங்கிக் கிடக்குது, கால் ஒடிஞ்ச ஆட்டுக்குட்டி மாதிரி. கூட என் பொண்ணு இருந்தா, அப்ப அவளுக்கு ஆறு வயசு, "அப்பா கார் முட்டி போட்டுடுச்சு"ன்னா. அதே விஷயம் அரை மணி நேரம் முன்னாடி ஜிஎஸ்டி ரோட்டுல அறுபதுல போறப்ப நடந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

என்ன ஆச்சுன்னா, ஹெரால்டு முன் சஸ்பென்ஷன்ல கீழ் பக்கம் ட்ரன்னியன்னு ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். செங்குத்தா நிக்குற இரும்புத் தண்டு அந்தப் பித்தளைக்குள்ள மரை போட்டு திருகி நிக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு போல்ட் மாதிரி அதுக்குள்ள திரும்பும். அந்த மரைக்கு எண்ணெய் தான் போடணும், கிரீஸ் போடவே கூடாது. கெட்டியான கிரீஸ் அடில போயி சேராது, அங்கேயே காய்ஞ்சு கெட்டியாகி வழிய அடைச்சிடும், தண்ணி உள்ள புகுந்து தண்டு துருப் புடிக்கும், ஒரு நாள் படக்குனு ஒடியும். அதுவும் மெதுவா போயி ஸ்டியரிங்க முழுசா வளைக்கும்போது தான் பெரும்பாலும் ஒடியும், அந்த நேரத்துல தான் அதுக்கு முறுக்கு ஜாஸ்தி. என் வண்டிய சர்வீஸ் பண்ண ஷெட்ல நல்ல மனசோட தான் பண்ணியிருக்காங்க, கிரீஸ் ஏத்துற நிப்பிள் இருக்குற இடத்துல எல்லாம் கிரீஸ் கன்னை வச்சு அடிச்சிருக்காங்க. வேற எந்த வண்டியா இருந்தாலும் அது சரியான வேலை தான்.

அப்ப தான் பெருங்களத்தூர் மேஸ்திரி கிடைச்சாரு. யாரோ சொல்லி, ரயில்வே கேட் பக்கத்துல ஒரு தகர ஷெட்ல அவரைப் போயி பாத்தேன். அப்பவே எழுபது தாண்டிடுச்சு அவருக்கு. 1963ல ஸ்டாண்டர்ட்ல அசெம்பிளிக்கு சேந்தவரு, கம்பெனி மூடுற வரைக்கும் இருந்தவரு. நான் வண்டி டோ ட்ரக்ல இருக்குன்னு தான் சொன்னேன், வண்டியப் பாக்கவே இல்ல மனுஷன், டீ கிளாஸைக் கீழ வச்சிட்டு கேட்டாரு,

"கிரீஸ் அடிச்சியா தம்பி?"

"ஆமா மேஸ்திரி, சர்வீஸ்ல..."

"கிரீஸ் அடிச்சவன் கையால அடுத்த தடவை உன் கறிக்கொழம்புக்கும் கிரீஸ் ஊத்திக்க."

அவர் சொன்ன வைத்தியம் ரொம்ப சிம்பிள். பழைய கிரீஸ் கன் ஒண்ணைக் கழுவி, அதுக்குள்ள கியர் பாக்ஸுக்கு ஊத்துற 90 ஆயிலை ஊத்தி, முன் சக்கரத்தை ஜாக்கில தூக்கி வச்சிட்டு, மேல் பக்கமா எண்ணெய் கசியுற வரைக்கும் அடிக்கணும். அந்த கன்னுல சிவப்பு பெயிண்ட் அடிச்சு தனியா வச்சிக்கணும், யாரும் தெரியாம கிரீஸ் போட்டுடக் கூடாதுன்னு. நான் ஆயுத பூஜைக்கு ஒரு தடவை, சித்திரை ஒண்ணுக்கு ஒரு தடவை, நடுவுல மழைக் காலம் முடிஞ்சதும் ஒரு தடவை அடிக்கிறேன். எண்ணெய் கொஞ்சம் ஒழுகத் தான் செய்யும், தரை கறை ஆகும், அது ஆரோக்கியம்னு எடுத்துக்கணும்.

ஒடிஞ்ச பித்தளைக் கட்டைக்கும் தண்டுக்கும் எங்க போறது? இங்க தான் ஹெரால்டு வச்சிருக்குறவங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. நம்ம ஹெரால்டோட அசலான இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டு மொத்தம் 5 லட்சத்துக்கு மேல வித்துச்சு, அதே அடிப்படைல செஞ்ச ஸ்பிட்ஃபயர்ங்கற ஸ்போர்ட்ஸ் கார் 1980 வரைக்கும் 3 லட்சத்துக்கு மேல. அந்த ஊர்ல இன்னிக்கும் ஞாயித்துக்கிழமை ஆனா அதைத் தொடைக்குற கூட்டம் இருக்குறதால சஸ்பென்ஷன் சாமான், வாட்டர் பம்ப், கேஸ்கெட், பேரிங்கு எல்லாம் புதுசா செஞ்சு விக்குறாங்க. நம்ம ஊர்ல செத்துப் போன வண்டிக்கு வெளிநாட்டுல பங்காளி உசுரோட இருந்தா பொழச்சுக்கலாம். ஆனா இதையே திருப்பிப் பாருங்க, இந்தியாவுல மட்டும் செஞ்ச பாகத்துக்கு உலகத்துல எங்கயும் மாத்து கிடையாது. 1968ல வந்த மார்க் த்ரீ, நாலு கதவு. ட்ரையம்ஃப்காரன் நாலு கதவு ஹெரால்டு செஞ்சதே இல்ல, அது மெட்ராஸ்லயே யோசிச்சு மெட்ராஸ்லயே செஞ்சது. 1972ல ஹெரால்டையே மாத்தி செஞ்சு விட்ட கெஸல் அதை விட, கிரில்லு, லைட்டு, பின் அச்சு எல்லாமே நம்ம ஊரு. அதனால மார்க் டூ வாங்குறவன் என்ஜின் போயிருந்தாலும் பயப்பட வேணாம், கெஸல் வாங்குறவன் என்ஜின் எப்படி இருந்தாலும் பரவால்ல, கிரில்லும் பின் லைட்டும் கதவு ரப்பரும் முழுசா இருக்கான்னு முதல்ல பாக்கணும். எல்லாரும் இதைத் தலைகீழா தான் பாக்குறாங்க, ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துட்டு காசைக் குடுத்துடறாங்க.

சாமானை இங்கிலாந்துல இருந்து நான் வரவழைச்சேன், ரெண்டு மாசம், கஸ்டம்ஸ் ட்யூட்டி வேற வலிச்சுது. பெட்டியப் பிரிச்சு மேஸ்திரிகிட்ட குடுத்தா ரெண்டு கட்டையையும் கையில உருட்டிப் பாத்துட்டு சிரிக்கிறாரு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் மரை வேற வேற, ஒண்ணு வலது மரை இன்னொண்ணு இடது மரை. நான் ரெண்டுமே ஒரே பக்கத்துக்கு ஆர்டர் பண்ணியிருக்கேன், ரெண்டும் இடது. திருப்பி அனுப்புற செலவுக்கு புதுசே வாங்கிடலாம். வலதுக்கு மறுபடி ஆர்டர் போட்டேன், மிச்சமான இடது கட்டை ஒண்ணு என் அலமாரில பேப்பர் வெயிட்டா உக்காந்துச்சு. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டி பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுத்து விக்குறவனுக்கு அனுப்புங்க, அவன் சரின்னு சொன்னப்புறம் காசு கட்டுங்க.

உள்ளூர்ல சாமான் வாங்குறது வேற ஒரு கலை. முதல் தடவை மெட்ராஸ்ல வண்டி சாமான் விக்குற ஜிபி ரோட்டுல ஒரு கடையில போயி "ஹெரால்டு ரியர் வீல் ஆயில் சீல் இருக்கா"ன்னு கேட்டேன். கவுண்டர்ல இருந்த பையன் "அது யார் சார் கம்பெனி, கொரியாவா?"ன்னான். அடுத்த கடையில பெரியவர் ஒருத்தர் இருந்தாரு, ஹெரால்டுன்னதும் கண்ணு விரிஞ்சுது, அவங்க அப்பா காலத்துல இப்படி, அந்த சினிமாக்காரர் வீட்ல இப்படின்னு இருபது நிமிஷம் பேசிட்டு "சாமான் எல்லாம் எங்கப்பா கிடைக்குது இப்ப"ன்னு அனுப்பிட்டாரு. மேஸ்திரி தான் தலைல தட்டி சொன்னாரு, கடையில வண்டிப் பேரைச் சொல்லாத, அளவைச் சொல்லு. ஆயில் சீல்னா உள் வட்டம் எவ்வளவு வெளி வட்டம் எவ்வளவு கனம் எவ்வளவு, அது போதும், ஏதோ ஒரு பம்ப் செட்டுக்கோ டிராக்டருக்கோ அதே அளவுல கண்டிப்பா இருக்கும். பேரிங்னா அதோட வளையத்துல பொறிச்சிருக்குற நம்பரைத் தொடைச்சு எழுதிட்டுப் போ. பிரேக் வாஷர்னா சிலிண்டரோட உள்ளளவு. சிலிண்டரே தேஞ்சிருந்தா லேத்ல குடுத்து பித்தளை ஸ்லீவ் போட்டு பழைய அளவுக்குக் கொண்டு வந்துடலாம். அன்னிக்கே முந்நூறு ரூபாக்கு ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குனேன். இந்தப் பத்து வருஷத்துல எனக்கு லாபம்னு சொல்லிக்கற மாதிரி நான் வாங்குன ஒரே பொருள் அது தான்.

ஸ்பேனரும் அப்படித்தான். இந்த வண்டில நட் போல்ட் எல்லாம் இன்ச் அளவு. இப்ப இருக்குற மெக்கானிக்கிட்ட இருக்குறது எல்லாம் எம்எம். 7/16 இன்ச்சுக்கு 11 எம்எம் ஸ்பேனர் கிட்டத்தட்ட புடிக்கும், அரை இன்ச்சுக்கு 13 போட்டா லூசா உக்காந்து மூலைய வழிச்சு உருண்டையாக்கிடும், 9/16 இன்ச்சுக்கு 14 ஏறவே ஏறாது, 15 போட்டு சுத்தியலால தட்டுவாங்க. கண்ணு முன்னாடி நடக்கும், வயிறு எரியும். நான் புதுப்பேட்டைல பழைய இன்ச் ஸ்பேனர் செட் ஒண்ணு பொறுக்கி வண்டி டிக்கிலயே போட்டுட்டேன், எந்த ஷெட்டுக்குப் போனாலும் "அண்ணே இதுல பண்ணுங்க"ன்னு கையில குடுத்துடுவேன். டயர் 13 இன்ச், அதுல பிரச்சினை இல்ல. ஆனா "மாருதி வீலைப் போட்டுக்கலாம் சார்"னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, ரெண்டுக்கும் வீலை மாட்டுற போல்ட், ஸ்டட்னு சொல்றது, நாலு தான், ஆனா ஸ்டட்டுக்கு ஸ்டட் தூரம் வேற.

பெட்ரோல் விஷயம் ரெண்டு இருக்கு. 2000ல ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திட்டாங்க, இந்த என்ஜின் ஈயத்தை நம்பி செஞ்சது, அது இல்லைன்னா எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெதுவா உள்ள போயிடும். இதுக்குன்னு தனியா ஹெட்டை இறக்க வேணாம், எப்படியும் ஒரு நாள் ஹெட்டை இறக்குவீங்க, அப்ப கெட்டியான சீட் போடச் சொல்லிடுங்க. ரெண்டாவது எத்தனால். இது இப்ப அவசரம். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் எல்லா பங்க்லயும் வந்தப்புறம் என் வண்டில ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம் பழைய ரப்பர் ஊறிப்போயி கசிய ஆரம்பிச்சுது. ஒரு நாள் காலைல ஷெட்டைத் தொறந்தா முழுக்க பெட்ரோல் நாத்தம், பக்கத்துலயே இன்வெர்ட்டர், பகீர்னு ஆயிடுச்சு. பெட்ரோல் ட்யூப் மொத்தமும் எத்தனால் தாங்குற ரகமா மாத்தி, டயாஃப்ரம் மாத்தி, கார்ப்பரேட்டர் கேஸ்கெட் மாத்தினேன், எல்லாம் சேர்த்து மூவாயிரம் கூட ஆகல. பழைய வண்டி ஓடாம நின்னா டேங்க்ல பெட்ரோல் வச்சிருக்காதீங்க, எத்தனால் தண்ணிய இழுக்கும், டேங்க் உள்பக்கம் துரு புடிக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்க. பின் சக்கரம் வேற இருக்கு, ஹெரால்டுக்கு ஸ்விங் ஆக்ஸில், அதாவது பின் அச்சு ஒரே கம்பியா இல்லாம ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆடும், பின்னாடி நாலு பேரு ஏறுனா சக்கரம் ரெண்டும் காலை அகட்டிக்கிட்டு நிக்கும், டயர் உள்பக்கம் மட்டும் தேயும். நம்ம ஜனங்க கல்யாணத்துக்கு எட்டு பேரு போவாங்கன்னு கவன்ட்ரில யாருக்குத் தெரியும். அதுக்குத் தான் கெஸல்ல நேரான அச்சு போட்டாங்க.

ஆர்டிஓ கதைய சுருக்கமா சொல்றேன், நினைச்சாலே பிபி ஏறுது. ஆர்சி புதுப்பிக்கப் போனப்ப கம்ப்யூட்டர்ல கம்பெனி பேரு தேடுறாங்க, ஸ்டாண்டர்ட் இல்ல. "வேற ஏதாவது கம்பெனி போட்டுக்கலாமா சார்"ன்னு கேட்டாங்க, விளையாட்டுக்கு இல்ல, சீரியஸா தான். தயவு செஞ்சு அதுக்கு ஒத்துக்காதீங்க, அப்புறம் இன்ஷூரன்ஸ்ல, விக்குறப்ப எல்லாத்துலயும் சிக்கும். பழைய ஆர்சி புக்கோட எல்லாப் பக்கமும், சேசிஸ் நம்பர் பென்சில் தேய்ச்சு எடுத்த காயிதம், வண்டி நாலு பக்கமும் ஃபோட்டோ, மூணு செட் எடுத்துட்டுப் போங்க. நாலு தடவை அலைஞ்சு கடைசில சரியா ஏத்திட்டாங்க. ஃபீஸ் 600 ரூபா இருந்தது 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆச்சு, 2025ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. 50 வருஷம் தாண்டின, அசல் மாறாத வண்டிக்கு விஏன்னு நடுவுல வர்ற விண்டேஜ் நம்பர் 2021ல இருந்து குடுக்குறாங்க, புதுப் பதிவுக்கு 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனா அந்த நம்பர் வாங்கிட்டா ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு தான் ஓட்டலாம், காய்கறி வாங்கப் போக முடியாது. நான் வாங்கல. என் வண்டி மாம்பலம் சந்துல ஒரே வளைப்புல திரும்புற வண்டி, 25 அடிக்குள்ள சுத்திடும், அதை ரேலிக்கு மட்டும் வச்சிக்க எனக்கு மனசு வரல.

நண்பர் ஒருத்தர் பத்மினி, அதான் அந்த பம்பாய் ஃபியட், வச்சிருக்காரு, "உனக்கு ஏண்டா இவ்வளவு கஷ்டம், எனக்கு எல்லாம் கிடைக்குதே"ம்பாரு. கிடைக்கும். பத்மினி பம்பாய்ல டாக்ஸியா ஓடுச்சு, கடைசி டாக்ஸி 2023 அக்டோபர்ல தான் ரோட்டை விட்டுப் போச்சு. அம்பாசடர் 2014ல நின்னுச்சு, அது வரைக்கும் கல்கத்தா டாக்ஸியும் கவர்மென்ட்டும் வாங்கிக்கிட்டே இருந்தாங்க. டாக்ஸி ஓடுன வண்டிக்கு தெருவுக்கு ஒரு மெக்கானிக், சந்துக்கு ஒரு சாமான் கடை. ஹெரால்டு டாக்டரும் வக்கீலும் காலேஜ் புரொஃபசரும் ஓட்டுன வண்டி, ரெண்டு கதவு வண்டில எவன் டாக்ஸி ஓட்டுவான், அதனால 1977ல கெஸலும் நின்னப்போ அதோட மெக்கானிக்குங்களும் வேற வண்டிக்கு மாறிட்டாங்க. கம்பெனி கடைசியா ஒரு தடவை எழுந்து பாத்துச்சு, 1985ல ஸ்டாண்டர்ட் 2000. ரோவர் எஸ்டி1 பாடி, 1977ல ஐரோப்பாவோட சிறந்த கார்னு பரிசு வாங்குன அழகான வண்டி. ஆனா உள்ள போட்டது வேன்கார்டு காலத்து 2 லிட்டர் என்ஜினை ஒட்டுப் போட்டது. மாப்பிள்ளைக்கு கோட்டு சூட்டு போட்டு உள்ள தாத்தாவை உக்கார வச்ச மாதிரி. மாருதி 800 வந்து மைலேஜ்னா என்னன்னு ஜனங்க கத்துக்கிட்ட நேரத்துல இவ்வளவு பெட்ரோல் குடிக்குற வண்டிய யார் வாங்குவாங்க, 1988ல மூடிட்டாங்க. மேஸ்திரிகிட்ட இதைப் பத்தி கேட்டா மட்டும் பதிலே சொல்ல மாட்டாரு, ஸ்பேனரைத் தொடைக்க ஆரம்பிச்சிடுவாரு.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது 2019 வாக்குல. அப்ப தான் எனக்கு உறைச்சுது, என் வண்டியோட ஆயுசு அவர் கையில இருக்கு, அவர் போயிட்டா வண்டி மாட்டுக் கொட்டகைல நின்ன அதே நிலைமைக்கு வந்துடும்னு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைல நானே ஓவர்ஆல் போட்டுக்கிட்டு அவர் ஷெட்டுக்குப் போயிடுவேன். அவர் ஸ்டூல்ல உக்காந்து சொல்லுவாரு, நான் செய்வேன், தப்பு பண்ணா திட்டுவாரு. எல்லாத்தையும் ஃபோன்ல வீடியோ எடுத்து வச்சேன், டேப்பெட் எவ்வளவு, பாயிண்ட் எவ்வளவு, பின் ஸ்பிரிங் பட்டையக் கழட்டுறப்ப எதை முதல்ல எடுக்கணும்னு. வண்டி வாங்குறதுக்கு முன்னாடி இதை யோசிங்க, உங்க ஊர்ல இருந்து அம்பது கிலோமீட்டருக்குள்ள இந்த வண்டிய கழட்டி மாட்டுன ஒரு ஆளு உசுரோட இருக்காரா. இருந்தா வண்டிய அப்புறம் தேடுங்க, முதல்ல அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. இல்லைன்னா நீங்களே கையழுக்காக்கத் தயாரா இருந்தா மட்டும் வாங்குங்க. மேஸ்திரி 2021ல போயிட்டாரு. அவர் வீட்ல அந்த சிவப்பு பெயிண்ட் அடிச்ச கன்னை எனக்குக் குடுத்துட்டாங்க, என்கிட்ட இப்ப ரெண்டு இருக்கு.

போன மாசம் நாமக்கல்ல இருந்து ஒருத்தர் ஃபோன் பண்ணாரு, மார்க் த்ரீ வச்சிருக்காராம், முன் சக்கரம் ஒரு மாதிரி ஆட்டம் காட்டுதுன்னாரு. ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டு, எந்தப் பக்கம்னு கேட்டேன். இடதுன்னாரு.

"கிரீஸ் அடிச்சீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "எப்படி சார் தெரியும்?"

அலமாரில இருந்த பேப்பர் வெயிட்டைத் துணில சுத்தி பார்சல் சர்வீஸ்ல போட்டுட்டேன். காசு வேணாம்னதுக்கு நாலு நாள் கழிச்சு அவர் கிட்ட இருந்து ஒரு பெட்டி வந்துச்சு, உள்ள வைக்கோலுக்கு நடுவுல ஹெரால்டு பின் லைட்டு கண்ணாடி ஒண்ணு, கீறல் கூட இல்ல, நான் எட்டு வருஷமா தேடிக்கிட்டு இருந்தது. பக்கம் மட்டும் மாறியிருந்துச்சு, எனக்கு வேண்டியது வலது.